உமரிப்பொடியை முதலில் உதிர்த்தது யார்

வேப்பங்கரைப் பெண்கள் பஸ்ஸில் பூமயிலோடு ஒரே சீட்டில் உட்காரக் கொஞ்சம் யோசிப்பார்கள். வாலிநோக்கம் போய் இறங்குவதற்குள் முப்பது கேள்வி கேட்டுவிடுவாள். உப்பளத்தில் மற்ற பாத்தியெல்லாம் வெள்ளையாக இருக்கும்போது ஒரு பாத்தித் தண்ணீர் மட்டும் ஏன் ரோஸ் நிறத்தில் நிற்கிறது? திருப்பம் வருவதற்கு முன்பே டிரைவர் ஏன் கியரை மாற்றுகிறார்? "அது அப்படித்தான்டி" என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபமெல்லாம் வராது. சாப்பாட்டில் பாதியில் எழுப்பிவிட்டது போல முகம் வாடிப்போகும், அவ்வளவுதான்.

கமுதிப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவள். எட்டாவது வரை படித்தாள். பத்தொன்பது வயதில் இருளாண்டியைக் கட்டிக்கொண்டு, கடலுக்கு நாலு மைல் தள்ளியிருக்கும் வேப்பங்கரைக்கு வந்தாள். மாசி தொடங்கி வைகாசி வரை மிளகாய்க் காட்டில் பழம் எடுப்பு. அது ஓய்ந்தால் உப்பளத்தில் கூலி வேலை. மழை முடிந்த மார்கழி, தை மாதங்களில் மட்டும் இரண்டு வேலையும் இருக்காது. அப்போது பெண்கள் உப்பளத்து வரப்பு ஓரங்களில் உமரி கிள்ளப் போவார்கள். விரல் நீளத்துக்குச் சதைப்பற்றாக, கடித்தால் உப்புக் கரிக்கும் கீரை. குழம்பு வைத்தால் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை.

கல்யாணமாகி வந்த முதல் மார்கழியில் அவளை உமரி கிள்ளக் கூட்டிப்போனவள் பக்கத்து வீட்டு இருளம்மாள். அவளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள்.

"நுனியை மட்டும் கிள்ளு. செவந்ததைத் தொடாத."

"செவந்ததைத் தொட்டா என்ன மதினி?"

"யாரும் தொடுறதில்ல."

அது பூமயிலுக்குப் போதவில்லை. அன்றைக்கே சிவந்த உமரியில் ஒரு பிடி கிள்ளி, மடியில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தனியாக அவித்துத் தின்று பார்த்தாள். நாக்கு தடித்து, ஒரு நாள் முழுக்க எதைத் தின்றாலும் சுண்ணாம்பு தின்ற மாதிரி இருந்தது. இருளாண்டி பயந்துபோனான். அவளுக்கோ ஒரு கேள்விக்கு விடை கிடைத்த நிம்மதி.

இருபத்தைந்து வருடத்தில் அவள் உமரியைப் பற்றித் தெரிந்துகொண்டது கொஞ்சமில்லை. எந்த வரப்பில் முளைத்தது கசக்கும், எத்தனை முறை அவித்த தண்ணீரை வடிக்க வேண்டும், அரிசி கழுவிய தண்ணீரில் எவ்வளவு நேரம் போட்டால் காரல் போகும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது. அதில் பாதி மற்றவர்கள் சொன்னது. மீதி தானே செய்து பார்த்தது. எது எந்தப் பாதி என்று அவள் பிரித்து வைத்துக்கொள்ளவில்லை. பிரிக்க வேண்டிய தேவையும் அப்போது வரவில்லை.

மிஞ்சிய உமரியை நிழலில் காயவைத்துப் பொடியாக்குவார்கள். கஞ்சிக்கும் மீன் பொரிக்கவும் உப்புக்குப் பதிலாக அதைப் போடுவார்கள். ஆனால் கடற்காற்றுக்கு அந்தப் பொடி ஒரு வாரத்தில் கல்லாகிவிடும். குதிரைவாலி நொய்யை வறுத்து அரைத்துக் கலந்தால் மாதக்கணக்கில் உதிரியாகவே இருக்கும். வேப்பங்கரையில் பல வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு தை மாதத்தில் பிரபு என்பவர் அந்த ஊருக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். மதுரையில் ஒரு உணவுக் கம்பெனியில் வேலை என்றும், கடலோரக் கீரைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாகவும் சொன்னார். மற்ற பெண்கள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நழுவிக்கொண்டார்கள். பூமயிலுக்கோ கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு மனிதரைக் கண்டதில் அப்படி ஒரு சந்தோஷம். அவர் ஒன்று கேட்டால் இவள் ஒன்று கேட்டாள். உமரிக்குள் உப்பு எங்கே இருக்கிறது, இலையிலா தண்டிலா என்று கேட்டாள். அவர் கையடக்க லென்ஸ் ஒன்றைக் கொடுத்து இலையை வெட்டிக் காட்டினார். அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் வரப்பில் அவள் கீரை கிள்ளுவதைப் படம் எடுத்தார். மத்தியானம் அவள் வீட்டிலேயே கஞ்சி குடித்தார். பொடி எப்படிச் செய்வது என்று அவர் கேட்க, அடுப்பில் சட்டியை வைத்து நொய்யை வறுத்தே காட்டினாள். அவர் எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொண்டார். போகும்போது, "ரொம்ப நன்றிக்கா" என்று கும்பிட்டார். அதற்குப் பிறகு வரவில்லை.

சென்ற ஆவணியில் இருளாண்டி மிளகாய் வியாபாரி ஒருவரோடு ராமநாதபுரம் போய்த் திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் ஒரு பாக்கெட்டைப் பார்த்து வாங்கி வந்தான்.

"ஏ பூமயிலு, இங்கன பாரு. நம்ம உமரியைப் பாக்கெட்டுல போட்டு விக்கிறாய்ங்க."

பளபளப்பான பச்சை உறை. "கடல் கீரை உப்பு" என்று எழுதியிருந்தது. பின்பக்கம் பொடி எழுத்து. பூமயில் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், ஆனால் ஒரு எழுத்தை விடமாட்டாள். உலர்ந்த உமரி, வறுத்த குதிரைவாலி என்று இருந்தது. அந்த இடத்தில் விரல் நின்றது.

"குதிரைவாலி போடணும்னு இவுகளுக்கு எப்படித் தெரியும்?"

"நீதான அடுப்புல வச்சு வறுத்துக் காட்டுன?"

உறையின் முன்பக்கம் ஒரு பெண்ணின் கை உமரி நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தது. முகம் இல்லை. மணிக்கட்டுக்கு மேல் அரை நிலா வடிவில் பழைய தீக்காய வடு. பூமயில் தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே வடு.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. தன் கை ராமநாதபுரம் கடையில் தொங்குகிறதே என்று. சிரிப்பு அடங்கிய பிறகு உறையை மறுபடி திருப்பினாள். இன்னும் கீழே வாசித்தாள். "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது."

"காப்புரிமைன்னா என்னங்க?"

"எனக்கென்ன தெரியும்? அது அப்படி ஏதாச்சும் போடுவாய்ங்க."

அவள் முகம் வாடியதைப் பார்த்ததும் அவனே, "அந்தக் காலேஜ் டீச்சருக்குப் போன் போட்டுக் கேளேன்" என்றான்.

டீச்சர் என்றது அமுதவள்ளியை. ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறவர். ஒவ்வொரு ஊராட்சியிலும் உள்ள செடி கொடிகளையும், அவற்றைப் பற்றி மக்களுக்குத் தெரிந்ததையும் எழுதி வைக்கும் பல்லுயிர் பதிவேட்டுக்காக அதற்கு முந்தின வருடம் வேப்பங்கரைக்கு வந்திருந்தார். அன்றைக்குப் பூமயில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லியே அவருக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. பதிவேட்டில் உமரிக்கு ஒரு வரிதான் எழுதினார். "மீதிக்கு இன்னொரு நாள் வாரேன்" என்று சொல்லிப் போயிருந்தார்.

இப்போது போனில் விஷயத்தைக் கேட்டதும் அந்த வாரமே மடிக்கணினியோடு வந்துவிட்டார். கம்பெனியின் விண்ணப்பம் ஏற்கெனவே எல்லோரும் பார்க்கும்படி வெளியாகியிருந்தது. அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். காப்புரிமை கிடைத்துவிட்டால் அந்தச் செய்முறையை இருபது வருடத்துக்கு அவர்கள் அனுமதி இல்லாமல் வேறு யாரும் செய்து விற்க முடியாது என்றார். உமரிப்பொடி கட்டி தட்டாமல் இருக்க வறுத்த குதிரைவாலியைச் சேர்ப்பது தங்கள் கண்டுபிடிப்பு என்று அதில் எழுதியிருந்தது. வறுக்க வேண்டிய சூடு, நிமிடம், அளவு எல்லாம் இருந்தன.

"எத்தன நிமிசமாம்?" என்றாள் பூமயில்.

"பதினெட்டு."

"நொய்யி படபடன்னு பொரியும். அந்தச் சத்தம் நின்னா எறக்கணும். பதினெட்டு நிமிசம் சரியாத்தான் இருக்கும். சூட்டை எதை வச்சு டீச்சர் அளந்தாக?"

அமுதவள்ளி மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தார். "பூமயில், இவங்க உங்களோடத எடுத்துட்டுப் போயிருக்காங்க. உங்களுக்குக் கோபம் வரலையா?"

பூமயில் யோசித்தாள். "வருது. ஆனா அவுக எழுதுனதுல எது பொய்யின்னு தெரிஞ்சாத்தான டீச்சர் முழுசாக் கோவப்பட முடியும்?"

எது பொய் என்று தெரிய, இதை முன்பே யார் செய்தார்கள் என்று காட்ட வேண்டும். வாய்வழியாக ஒரு சமூகத்துக்குத் தெரிந்திருந்தாலே போதும், அதைப் புதிய கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது, சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது என்றார் அமுதவள்ளி. யார் வேண்டுமானாலும் ஆட்சேபனை கொடுக்கலாம். ஆனால் ஒரே ஊரில் மட்டும் தெரிந்திருந்தால் வலுவில்லை.

"ஒங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"

"இருளம்மா மதினிதான்."

இருவரும் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். இருளம்மாள் மிளகாய் வற்றலை அள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நானா? நீதானடி வந்த புதுசுல குதிரைவாலி போட்டுப் பாக்கலாமான்னு கேட்ட!"

"நான் கேட்டனா? நீதான மதினி சட்டியில வறுத்த?"

"நீ சொல்லித்தான் வறுத்தேன்."

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். அமுதவள்ளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பூமயில் சிரிக்கவில்லை. இருபத்தைந்து வருடமாகத் தினம் கையில் எடுத்த பொருளைப் பற்றி, இது யாரிடமிருந்து வந்தது என்று ஒரு நாள்கூடத் தனக்குக் கேட்கத் தோன்றவில்லையே என்பது அவளை உலுக்கிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டவள் இதை மட்டும் விட்டிருக்கிறாள்.

மறுநாளே கிளம்பினாள். இரண்டு வாரம், வேலையில்லாத நாட்களில் எல்லாம் பஸ் ஏறினாள். உமரி தின்கிற ஊர்களாகப் பார்த்துப் போனாள். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குச் சுற்றுலாப் படகு விடும் இடத்தில் வேலை செய்யும் பெண்கள் உமரியைக் கூட்டு வைப்போம், பொடி செய்கிற வழக்கமில்லை என்றார்கள். வேறு இரண்டு ஊரில் பொடி உண்டு, குதிரைவாலி இல்லை. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கடைசியில் வாலிநோக்கத்தில் காலிதாவைக் கண்டுபிடித்தாள். ஐம்பது வயதுக்காரர். கணவர் பாக்கர் கடலுக்குப் போகிறவர். இரண்டு மூன்று நாள் கடலில் தங்கும்போது எடுத்துப் போவதற்காக அந்த வீட்டில் உமரிப்பொடி எப்போதும் இருக்கும் என்று மீன் ஏலக்கூடத்தில் சொன்னார்கள்.

காலிதா வாசல் கதவைப் பாதி திறந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "மொதல்ல ஒருத்தன் வந்து ஒங்கிட்டக் கேட்டு எழுதிட்டுப் போனான். இப்ப நீ வந்து எங்கிட்டக் கேட்டு எழுதுற. ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

அது பூமயிலே கேட்டிருக்கக்கூடிய கேள்வி. நியாயமான கேள்வி. கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

"தெரியல லாத்தா," என்று அந்த ஊர் வழக்கப்படி அக்கா முறை வைத்துச் சொன்னாள். "நோட்டை ஒங்ககிட்டயே குடுத்துர்றேன். நீங்க எழுதச் சொன்னா எழுதுறேன். வேணாம்னா கேட்டுக்கிட்டு மட்டும் போறேன். கேக்காமப் போகச் சொன்னா, அதுதான் கஷ்டம்."

காலிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவு முழுதாகத் திறந்தது.

அவர் வீட்டுப் பொடியிலும் வறுத்த குதிரைவாலி இருந்தது. பூமயில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். வறுவல் இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அவ்வளவுதான் வேறுபாடு. காலிதாவின் தம்பி ஸுஹைர் துபாயில் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் அவருக்கு ஒரு டப்பா போகும். அந்தப் பேச்சில் காலிதாவுக்கு ஒன்று நினைவு வந்து, போனை எடுத்துத் தேடினார். ஏழு வருடத்துக்கு முன்பு ஸுஹைர் பேஸ்புக்கில் போட்ட படம் கிடைத்தது. ஒரு கட்டில், அதன் மேல் திறந்த டப்பா, ஒரு கரண்டிப் பொடி. கீழே எழுதியிருந்தார்: "லாத்தா அனுப்பின உமரிப்பொடி. குதிரைவாலி வறுத்துப் போட்டது. மூணு மாசமாச்சு, இன்னும் கட்டி தட்டல. மாஷா அல்லாஹ்." அதற்குப் பதினாலு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

பூமயில் தேதியை மூன்று முறை வாசித்தாள்.

"ஒங்களுக்கு இது யாரு லாத்தா சொன்னது?"

"எங்க உம்மா காலத்துல உள்காட்டுல இருந்து மிளகாயும் குதிரைவாலியும் கொண்டுவந்து, கருவாட்டுக்கு மாத்திட்டுப் போற பொம்பளைங்க வருவாக. அவுக வந்தா நம்ம வீட்டுலதான் ஒலை வைப்பாக. அவுக கொண்டுவந்த தானியம், நம்ம வீட்டுப் பொடி. யாரு கலந்தாகன்னு எப்படிச் சொல்ல?"

பூமயில் எழுந்து நின்றுவிட்டாள். கடற்கரைக்காரர்களிடம் குதிரைவாலி விளையாது. கரிசல்காட்டுக்காரர்களிடம் உமரி முளைக்காது. எந்தப் பக்கத்துப் பெண்ணும் தனியாக இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. இரண்டு பக்கமும் ஒரே அடுப்படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். தானும் இருளம்மாளும் அப்படித்தானே? ஒருத்தி கரிசல், ஒருத்தி கடலோரம். அவள் அதைச் சொல்லச் சொல்ல, காலிதாவும், "அட, ஆமாம்மா!" என்று கூடவே வியந்தார்.

அன்று காலிதா இன்னொன்றையும் காட்டினார். மழை அதிகமான வருடத்தில் உமரி தின்றால் தொண்டை கமறும். அதைப் போக்க அவர்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. செய்து காட்டிவிட்டு, "இது எழுத இல்ல. ஒனக்கு மட்டும்" என்றார். பூமயில் நோட்டை மூடினாள். இன்று வரை அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அதனால் இங்கும் அது இல்லை.

அமுதவள்ளிக்கு ஒரு கவலை இருந்தது. காப்புரிமையைத் தடுக்கப் போய், ஊருக்குத் தெரிந்ததை எல்லாம் தாங்களே எழுதிக் கொட்டிவிடக் கூடாது. யோசித்துப் பார்த்தால் வறுத்த குதிரைவாலி விஷயம் கம்பெனியின் விண்ணப்பத்திலேயே உலகத்துக்கு வெளியாகிவிட்டது. அதை மட்டும் சொன்னால் போதும். வடிக்கும் கணக்கு, வரப்பு வித்தியாசம் எதுவும் வேண்டாம். அவருடைய வக்கீல் தோழி ஒருவர் ஆட்சேபனையை எழுதிக் கொடுத்தார். பூமயிலும் இருளம்மாளும் காலிதாவும் கையெழுத்துப் போட்டார்கள். ஸுஹைரின் படமும் இணைக்கப்பட்டது.

பங்குனியில் வீடியோ வழியாக விசாரணை. ஊராட்சி அலுவலகத்துக் கணினி முன்னால் மூன்று பெண்களும் அமுதவள்ளியும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். திரையில் ஒரு கட்டத்தில் அதிகாரி, ஒரு கட்டத்தில் கம்பெனி வக்கீல், அவர் பக்கத்தில் பிரபு. மூன்று வருடத்தில் அவருக்கு முன்நெற்றி ஏறியிருந்தது.

கம்பெனி வக்கீல் சொன்னதன் சாரம் இதுதான்: கிராமத்தில் ஏதோ கலந்து சாப்பிட்டிருக்கலாம். ஆனால் கட்டி தட்டாமல் இருப்பதற்காகவே கலந்தார்கள் என்பதற்கு ஆதாரமில்லை. அதைக் கண்டுபிடித்து அளவு கண்டது எங்கள் ஆராய்ச்சி.

அமுதவள்ளி காதோடு காதாக மொழிபெயர்த்ததும் பூமயில் கையைத் தூக்கினாள்.

"சார், நான் ஒரு கேள்வி கேக்கணும்."

"என்கிட்டச் சொல்லுங்கம்மா. சரியான கேள்வின்னா நான் கேக்குறேன்," என்றார் அதிகாரி.

"அந்தத் தம்பி எங்க வீட்டுல கஞ்சி குடிச்சாக. அப்ப அந்தப் பொடி கட்டியா இருந்துச்சா, உதிரியா இருந்துச்சா? அதைக் கேட்டுச் சொல்லுங்க."

அதிகாரி பிரபுவைப் பார்த்துக் கேட்டார். வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிரபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"உதிரியாத்தான் இருந்துச்சு சார். ஏன் கட்டி தட்டலைன்னு நான்தான் கேட்டேன். அக்கா நொய்யை வறுத்துக் காட்டுனாங்க."

இருளம்மாள் பூமயிலின் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அது திரையிலும் கேட்டிருக்கும்.

ஆடியில் உத்தரவு வந்தது. வறுத்த குதிரைவாலி சேர்க்கும் முறை மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது, அதற்குக் காப்புரிமை இல்லை. உலர்த்தும் இயந்திரத்தில் கம்பெனி செய்த மாற்றம் வேறு விஷயம், அது தொடரலாம். பூமயிலுக்கு இதில் குறையில்லை. "மிஷின் அவுக யோசிச்சதுதான?" என்றாள். பாக்கெட்டுகள் இன்னும் கடையில் தொங்குகின்றன. ஆனால் உறை மாறிவிட்டது. கை இல்லை. பிரபு ஒருநாள் போனில் கூப்பிட்டார்.

"அக்கா, அந்தப் போட்டோவை உங்ககிட்டக் கேட்டுட்டுப் போட்டிருக்கணும்."

"ஆமா தம்பி, கேட்டிருக்கணும். பொடியையும் கேட்டிருக்கணும்," என்றாள். சற்று நிறுத்தி, "அந்த மிஷினு எப்படி வேலை செய்யுது?" என்றும் கேட்டாள். அவர் அரை மணி நேரம் விளக்கினார்.

வேப்பங்கரை எல்லையில் உமரியைத் தொடர்ந்து எடுக்க வேண்டுமானால் கம்பெனி இனி முறைப்படி அனுமதி வாங்க வேண்டும், கிடைப்பதில் ஒரு பங்கை ஊருக்குத் தர வேண்டும் என்றானது. அதற்காக வேப்பங்கரை ஊராட்சியில் பேருக்கு மட்டும் இருந்த பல்லுயிர்க் குழுவை மறுபடி அமைத்தார்கள். பூமயிலையும் உறுப்பினராகப் போட்டார்கள். முதல் கூட்டத்துக்கு மாவட்டத்திலிருந்து ராமசுப்பிரமணியன் என்ற அலுவலர் வந்தார். உமரியை வேரோடு பிடுங்கக் கூடாது, சிவந்த பிறகு எடுக்கக் கூடாது என்று பெண்கள் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார். கம்பெனி தரும் பங்கு இந்த ஊராட்சிக் குழுவுக்கு வரும் என்று விளக்கினார்.

"வாலிநோக்கத்துக்கு?" என்றாள் பூமயில்.

"அது வேற ஊராட்சிம்மா. கீரை உங்க எல்லையில எடுக்குறாங்க. அதனால உங்களுக்கு."

"கீரைக்குச் சரி சார். குதிரைவாலி போடுற யோசனை எந்த எல்லையில மொளச்சது? காலிதா லாத்தா வீட்டு அடுப்படியிலயா, எங்க கமுதிப் பக்கத்துப் பொம்பளைங்க கூடையிலயா? ரெண்டு பக்கமும் இல்லாம அது வந்திருக்காதே. அப்ப அவுக பங்கு எங்க?"

அலுவலர் பேனாவை மேசையில் வைத்தார். இது தனக்குத் தெரியாது, மேலே கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார். "அப்படித்தான்" என்று முடிக்காததற்காகவே பூமயிலுக்கு அவரைப் பிடித்துப்போனது.

"அப்ப அதைக் கேள்வியா எழுதிக்கங்க சார்."

அவர் எழுதினார்.

"எழுதுனதை வாசிங்க."

"இந்த முறையில் வாலிநோக்கம் ஊராட்சிக்கும் பங்கு தரலாமா என்று உறுப்பினர் பூமயில் கேட்டார்."

"நான் அப்படிக் கேக்கலையே," என்றாள் பூமயில். "ஊராட்சின்னு கேக்கல. இதைச் செஞ்சு பாத்துச் சொல்லிக் குடுத்த பொம்பளைங்களுக்குன்னு கேட்டேன். அவுக எந்த ஊர்லயும் இருக்கலாம்."

ராமசுப்பிரமணியன் அந்த வரியை அடித்துவிட்டு, அதற்குக் கீழே அவள் சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கினார்.